உரக்கடை மாடியில் கூடிய சங்கம்

தங்கையின் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் லீவு எடுத்துக்கொண்டு கொட்டாரத்துக்கு வந்திருந்தேன். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, நான் பெட்டி கட்டி வைத்திருந்தபோது கொரோனாவால் உலகம் மூடிக்கொண்டது. முதலில் இங்கே விமானங்கள் நின்றன. பிறகு, வெளியே போயிருந்த வெளிநாட்டவர்கள் இப்போதைக்கு நாட்டுக்குள் திரும்பி வர முடியாது என்று ஜப்பானில் அறிவித்தார்கள். என் வாடகை அறை, சைக்கிள், குளிர்ப்பெட்டியில் பாதி தீர்ந்த மாங்காய் ஊறுகாய், என் ஆராய்ச்சி எல்லாம் சென்டாய் நகரத்தில் இருந்தன. நான் மட்டும் கொட்டாரத்தில் இருந்தேன்.

நான் நெல்லின் வேரைப் படிக்கிறவள். உப்பேறிய மண்ணில் சில நெற்பயிர்கள் மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்கின்றன என்பதுதான் என் கேள்வி. எங்கள் பக்கம் கடலுக்கு அருகே இருக்கிற வயல்களில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள். அதனால் இந்தக் கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அதற்குப் பதில் தேட வசதியான ஆய்வகம் ஜப்பானில் கிடைத்தது, போனேன். அங்கே ஒரு வளர்ப்பறையில், விளக்கு வெளிச்சத்தில், பல பருவங்களாக நான் கலப்பு செய்து வளர்த்த செடிகள் கதிர் விடத் தயாராக நின்றுகொண்டிருந்தன.

அப்பாவுக்குக் கொட்டாரம் சந்திப்பில் உரக்கடை. ஊரடங்கிலும் உரக்கடையைத் திறக்க அனுமதி இருந்ததால் அப்பா தினமும் போய்விடுவார். வீட்டில் நானும் அம்மாவும். தாய்மாமா மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் சாயா குடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"மக்கா, நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜுல சொல்லி வச்சிருக்கேன். தொறந்ததும் சேர்ந்துரலாம். ஜப்பான்காரன் கதவ அடச்சுட்டான். இனி என்னத்துக்கு அங்கயே பாத்துக்கிட்டு நிக்க?"

"அடச்ச கதவு ஒருநாள் தொறக்கும்லா மாமா. தொறக்கும்போ நான் வாசல்ல நிக்கணும்."

"எல்லாத்துக்கும் உனக்குப் பதில் உண்டு. உனக்க நாக்கு மட்டும் ஒருநாளும் அடையாது."

அம்மா அவருக்கு இன்னொரு வடை வைத்தாள். அம்மா மாமாவின் வாயை அடைக்கும் வழி அதுதான்.

மாமாவிடம் வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் வெப்ராளம்தான், ஒரே பதற்றம். ஆய்வகத்திலிருந்து என் பேராசிரியர் எழுதியிருந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசிக் கேட்டதில்லை. ஆய்வகத்துக்கு ஒரு நேரத்தில் ஓரிருவர்தான் வரலாம், என் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவி சொந்த ஊருக்குப் போகிறாள், வேறு ஆள் இல்லை, வளர்ப்பறையைக் காலி செய்ய வேண்டி வரலாம் என்று விளக்கியிருந்தார். ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். 'கொஞ்சம் கஷ்டம்' என்று பதில் வந்தது. ஜப்பானில் ஒருவர் 'கொஞ்சம் கஷ்டம்' என்றால் முடியவே முடியாது என்று பொருள். அங்கே போன முதல் வருடத்திலேயே எல்லோரும் அதைக் கற்றுக்கொள்கிறோம். கேட்டதும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

நான் நகரவில்லை. கொஞ்சம்தானே கஷ்டம், அந்தக் கொஞ்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை நானே கண்டுபிடித்துத் தந்தால் அவரை உள்ளே விடுவீர்களா என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அப்புறம், யார் என்று சொல்லுங்கள், யோசிக்கிறேன் என்றார்.

யார் என்று எனக்கே தெரியாது. அந்த ஊரில் இந்தியர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தீபாவளிக்கு விருந்து, கோடையில் கிரிக்கெட், யாராவது பெரிய மனிதர் வந்தால் பூங்கொத்து. அதன் தலைவர் மூத்த விஞ்ஞானி, பல காலமாக அங்கேயே இருப்பவர். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்.

"இது உங்கள் ஆய்வகத்தின் உள்விவகாரம். நம் ஆட்கள் அதில் மூக்கை நுழைத்தால் எல்லா இந்தியருக்கும் கெட்ட பெயர். செடிதானே? மறுபடி வளர்த்துக்கொள்ளலாம்."

செடிதானே! மூன்று வருட வாழ்க்கையை ஒரே சொல்லில் அவர் உதறியதும் என் காது சூடேறியது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றி சொல்லாமல் வைக்கும் துணிச்சல் எனக்கு அப்போது வந்திருக்கவில்லை. பின்னால் வந்தது.

ஜப்பானில் இருக்கிற இந்திய மாணவர்கள் பழைய சாமான் விற்கவும் வாங்கவும் பயன்படுத்தும் ஒரு பக்கம் இணையத்தில் இருந்தது. சோறு வேகவைக்கும் குக்கர்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே என் வேண்டுகோளைப் போட்டேன். 'நெற்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற சென்டாயில் ஒரு ஆள் தேவை. நான் இந்தியாவில் மாட்டிக்கொண்டேன்.' பலர் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒரு செய்தி தமிழில் வந்தது. 'அக்கா, நீங்க கன்யாகுமரி மாவட்டமா? நான் மயிலாடி.'

மயிலாடி எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விடும் தூரம். சென்டாயில் அவன் வேலை செய்யும் இடம் என் ஆய்வகத்திலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். இத்தனை நாளும் ஒரே நகரத்தில் இருந்திருக்கிறோம், ஒருவரையொருவர் தெரியாது. அவனுக்கு இயற்பியல், உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கிற வேலை. என்னைவிடச் சின்னவன். உடனே அழைத்தேன்.

"எனக்குச் செடின்னா கறிவேப்பிலை மட்டும்தான் தெரியும் அக்கா. பரவால்லியா?"

"தண்ணி ஊத்தத் தெரியும்லா?"

"குடிக்கத் தெரியும். ஊத்திப் பழகணும்."

பேராசிரியர் அனுமதித்தார். அவருடைய ஆச்சரியம் அவர் கடிதத்திலேயே தெரிந்தது. வேறு நிறுவனத்து ஆள், வேறு துறை, முன்பின் பழக்கம் இல்லாதவன், எதற்காக இதைச் செய்கிறான் என்று கேட்டார். ஊர்க்காரன் என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு ஒரு பத்தி தேவைப்பட்டது.

அவன் வீடியோவில் செடிகளைக் காட்டுவான். நான் கொட்டாரத்தில் இருந்துகொண்டு, இந்த இலை மஞ்சளாகுது, அந்தத் தொட்டிக் கரைசலை மாற்று, அதைத் தொடாதே என்று கத்துவேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தப் பிள்ளைய இப்பிடி ஏசாதட்டி, பாவம்லா" என்பாள். முதல் வாரத்திலேயே பாசத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டு ஒரு வரிசையை அழுகவைத்தான். நான் திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டு, மறுநாளும் சரியான நேரத்துக்குப் போய் நின்றான்.

அவனுடைய அம்மா விழுந்த செய்தி வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. மயிலாடியில் அவர்களுக்குச் சிற்பப் பட்டறை. அப்பா இறந்தபிறகு அம்மாதான் நடத்துகிறாள். பட்டறை முற்றத்தில் ஈரத்தில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, அக்கம்பக்கத்தார் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவன் ஒரே பிள்ளை. தொலைபேசியில் அவன் குரல் உடைந்திருந்தது.

"டிக்கெட் எப்பிடியாவது கிடைச்சா நான் வந்துருகேன் அக்கா."

"வந்தா திரும்பி உள்ள விட மாட்டான், தெரியும்லா?"

"விடண்டாம். போவட்டும்."

"பொறு. நான் இன்னிக்கே போய்ப் பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுகேன். அதுக்கு முன்னால ஒண்ணும் செய்யாத."

அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியில் போலீஸ்காரர் நிறுத்தி, எங்கே, எதற்கு என்றார். ஆசுபத்திரிக்கு என்றதும் விட்டுவிட்டார். ஆசுபத்திரியில்தான் விடவில்லை. நோயாளியோடு இருக்கிறவரை எங்கள் பக்கம் பைஸ்டாண்டர் என்போம். ஒரு நோயாளிக்கு ஒரு பைஸ்டாண்டர்தான், அதுவும் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று வார்டு வாசலில் நர்ஸ் மறித்தாள்.

"நீங்க யாரு? மவளா, மருமவளா?"

"ரெண்டும் இல்ல."

"பொறவு?"

"அவங்க மவன் ஜப்பான்ல எனக்க செடிக்குத் தண்ணி ஊத்துகான். அதனால நான் வந்திருக்கேன்."

எனக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டதோ என்பதுபோல அவள் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கணீர்க் குரல் வந்தது. "உள்ள விடு பிள்ளே. அது எனக்க ஆளுதான்."

அவனுடைய அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கட்டிலை நிறைத்துக்கொண்டு கிடந்தாள். பட்டறையில் உளிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், வலியிலும் குறையவில்லை. அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் வருகிறானாம் என்று நான் வாயெடுத்ததும், "போனைப் போடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

"ஏலே, நீ வரண்டாம், கேட்டியா? நீ விமானம் ஏறுனன்னு தெரிஞ்சா நான் ஆப்பரேசனுக்குச் சம்மதிக்க மாட்டேன்."

"அம்மா, எப்பிடிம்மா நான் இங்க..."

"எனக்க எலும்பு ஒடஞ்சா கம்பி வச்சு முறுக்கிருவாவ. உனக்க வேல ஒடஞ்சா எந்த டாக்டரு முறுக்குவான்? அழாதல. இந்தப் பிள்ள இருக்கா. நீ அவளுக்க செடியப் பாரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பட்டறை ஆட்களின் வீட்டுப் பெண்களும் நானும் முறை வைத்து இருந்தோம். கஞ்சி கொண்டுபோவது என் பொறுப்பு. ஊருக்கு இது போதாதா? எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டு அம்மாவுக்கு எதற்காகக் கஞ்சி சுமக்கிறாள் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டினார்கள். மாமா ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன்.

"அத்தான், ஊரு முழுக்கச் சிரிக்கான். வேதக்கார வீட்டுல ஒரு பையன், கிறிஸ்தவன், ஜப்பான்ல இருக்கானாம். இவ அவனுக்க தாய்க்குக் கஞ்சி கொண்டு போறா. நாளைக்கு இவளுக்குச் சம்பந்தம் பேசப் போனா நான் என்ன சொல்லுவேன்?"

அப்பா அதிகம் பேசுகிறவர் அல்ல. மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அவ கொண்டு போறது கஞ்சிதான மச்சான். குண்டு இல்லியே."

மாமா என்னைப் பார்த்தார். "அவன் என்னை அக்கான்னு கூப்பிடுகான் மாமா. கூப்பிடாட்டியும் நான் போவேன்" என்றேன். அன்றைக்கு அவருக்கு வடை கொடுக்க அங்கே அம்மா இல்லை. கோபமாகவே போனார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மாட்டிய ஒருவன், வெளியே மாட்டிய ஒருத்தி. இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதைச் செய்ய முடியாத இடத்தில் இருக்கிறோம். ஆனால் இடத்தை மாற்றிப் பார்த்தால் இரண்டு வேலையும் நடக்கிறது. எங்களைப்போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களைத் தேட விருந்தும் வேண்டாம், பூங்கொத்தும் வேண்டாம். அவனிடம் சொன்னேன். அன்றே அதே சாமான் விற்கும் பக்கத்தில், ஜப்பானில் வேலை செய்யும் இந்திய விஞ்ஞானிகளில் யார் எங்கே மாட்டியிருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும், உங்களால் என்ன செய்ய முடியும் என்று மூன்று கேள்விகளைப் போட்டான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நாசிக்கில் மாட்டிய வேதியியல்காரியின் வீட்டை ஒசாகாவில் ஒருவர் காலி செய்து, சாமான்களைத் தன் அறையில் அடுக்கிக்கொண்டார். படுக்க இடம் இல்லாமல் அவர் நாற்காலியில் தூங்கியதாகப் பின்னால் தெரிந்தது. அவருடைய அப்பாவுக்குக் கல்கத்தாவில் மருந்து வாங்கிக் கொடுத்தவர், ஹைதராபாதில் மாட்டிய இன்னொருவரின் தம்பி. நன்றிக்கடனை நேருக்கு நேர் தீர்க்க முடியாது, அது யார் யார் வழியாகவோ சுற்றித்தான் போகும் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வாராவாரம் சனிக்கிழமை வீடியோவில் கூடத் தொடங்கினோம்.

எங்கள் வீட்டில் சிக்னல் ஒருவரோடு பேசத்தான் போதும், கூட்டத்துக்குத் தாங்காது. அப்பாவின் கடை மாடியில், மூட்டைகள் அடுக்கிய அறையில் ஜன்னலோரம் நன்றாகக் கிடைக்கும். யூரியா மூட்டையின் மேல் மடிக்கணினி, கீழே ஒரு மூட்டையில் நான். வேப்பம்புண்ணாக்கின் கசந்த வாடை மூக்கைவிட்டுப் போகவே போகாது. ஜப்பானில் வேலை செய்யும் இந்திய விஞ்ஞானிகளின் சங்கம் அந்த மாடியில்தான் உருவானது. தலைவர் கிடையாது, குத்துவிளக்கு கிடையாது, வரவேற்புரை கிடையாது. வந்தவர் தன் கஷ்டத்தைச் சொல்வார், கேட்டவர்கள் யாரால் என்ன முடியும் என்று சொல்வார்கள். உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர் படியேறி வந்து எட்டிப் பார்த்து, "அங்க நெல்லுக்கு என்ன போடுகான்னு கேளு மக்கா" என்று கூட்டத்துக்கு நடுவே கேட்டார். கேட்டேன். நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத இருபது விஞ்ஞானிகள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள்.

லக்னோவில் மாட்டிய ஒரு பெண் இருந்தாள். உயிரணுக்களைப் பற்றி ஆராய்கிறவள், கெட்டிக்காரி. அவளுடைய ஒப்பந்தம் முடியப் போகிறது, வந்து சேராததால் நீட்டிக்க இயலாது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். வராமல் இருந்தது அவள் விருப்பமா? எல்லோரும் கையெழுத்திட்டு அவளுடைய பேராசிரியருக்கு ஒரு வேண்டுகோள் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். குற்றம் சாட்டி அல்ல, மரியாதையாகத்தான். அடுத்த சனிக்கிழமை திரையில் ஒரு புதிய முகம் தெரிந்தது. 'செடிதானே' என்ற சங்கத் தலைவர், அந்த மூத்தவர்.

"நாம் அந்த நாட்டில் விருந்தாளிகள்," என்று தொடங்கினார். "விருந்தாளி வீட்டுக்காரரிடம் குறை சொல்லக் கூடாது. இப்படிக் கூட்டமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், நாளைக்கு எந்தப் பேராசிரியரும் ஓர் இந்தியரை எடுக்கத் தயங்குவார். உங்களுக்கு உதவி வேண்டும் என்றால் ஏற்கெனவே இருக்கும் சங்கத்தில் சேருங்கள். எப்படிப் பேச வேண்டும் என்று நான் வழிகாட்டுகிறேன்."

அவர் பலருக்கும் பரிந்துரை எழுதிக் கொடுத்தவர், இனியும் எழுதிக் கொடுக்க வேண்டியவர். எனக்கும்கூட அவர் தேவைப்படலாம். இருந்தும் பேசினேன்.

"விருந்தாளி வரி கட்ட மாட்டார், சார். விருந்தாளி ஆய்வகத் தரையைக் கூட்டிப் பெருக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை வந்து கருவியைச் சரிபார்க்க மாட்டார். நாங்கள் இதையெல்லாம் செய்கிறோம். நாங்கள் வேலைக்கு வந்தவர்கள். வேலை செய்கிறவர் தன் வேலையைப் பற்றிக் கேட்பது குறை சொல்வது ஆகாது. உங்களிடம் ஒருமுறை உதவி கேட்டேன். செடிதானே என்றீர்கள். அன்றைக்கு வழிகாட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கூட்டமே இருந்திருக்காது. இதை உங்கள் சங்கத்தோடு சேர்க்க மாட்டோம். நீங்கள் விரும்பினால் இதில் சேரலாம், எல்லோரையும் போல."

அவர் வாயைத் திறந்தார். கொட்டாரத்தில் கரண்ட் போய்விட்டது, கூடவே சிக்னலும்.

இருட்டில் மூட்டைமேல் உட்கார்ந்து நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கரண்ட் வந்து திரும்ப இணைந்தபோது அவர் இல்லை. அவரோடு வேறு பலரும் இல்லை. அந்த வாரத்தில் பாதிப் பேர் தங்கள் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் பயத்தை நான் இகழ மாட்டேன், அவரவர் வயிறு அவரவருக்கு. மிஞ்சியவர்களின் கையெழுத்தோடு வேண்டுகோள் போனது. வருந்துகிறேன், விதி அனுமதிக்கவில்லை என்று பதில் வந்தது. அவளுக்கு வேலை போய்விட்டது.

அதைப் படித்துக் காட்டியபோது அவள் கேமராவை அணைத்துவிட்டாள். நாங்கள் காத்திருந்தோம், அவள் திரும்பவில்லை. அந்த வாரம் முழுக்க, மூத்தவர் சொன்னதுதான் சரியோ, நான் என் கோபத்துக்கு அவளைப் பலி கொடுத்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். முதல் வார்த்தையாகக் கேட்டாள்: "அடுத்து யாருடைய ஒப்பந்தம் முடிகிறது?"

என்னுடையதுதான்.

அவள் கேட்ட கேள்விதான் எங்கள் வேலையின் போக்கையே மாற்றியது. முடிந்தபிறகு கெஞ்சுவதை விட்டோம். யாருடைய ஆய்வகத்தில் என்ன விதி, யாருக்கு எந்தச் சலுகை கிடைத்தது என்று ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினோம். அதுவரை ஒவ்வொருவரும் தன் பேராசிரியர் தனக்குச் செய்த நன்மையை ரகசியமாகப் பொத்தி வைத்திருந்தோம், சொன்னால் பறிபோய்விடும் என்பதுபோல. ஒருவருக்கு வெளிநாட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைத்திருந்தது. அதை எப்படிக் கேட்டார், எந்த அலுவலகம் ஒப்புக்கொண்டது என்று எல்லாம் சொன்னார். நான் அதை அப்படியே என் பேராசிரியரிடம் வைத்தேன். கொட்டாரத்தில் இருந்துகொண்டே வேர்ப் படங்களை அலசித் தருகிறேன், ஒப்பந்தத்தை நீட்டியுங்கள்.

'கொஞ்சம் கஷ்டம்' என்றார்.

"வேறோர் இடத்தில் இதே கஷ்டத்தை இப்படித் தீர்த்திருக்கிறார்கள், சென்செய்," என்று, ஆசிரியரை அங்கே அழைக்கும் முறையில் அழைத்து, விவரத்தை அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, நிர்வாகத்தோடு பேசினேன், முடியும் என்று எழுதினார். கடைசி வரியில், இதை நானே தேடிப் பார்த்திருக்க வேண்டும் என்று சேர்த்திருந்தார். அப்படி எழுத அவருக்கு மனம் இருந்தது. அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அதே வழியில் எங்களில் இன்னும் சிலருக்கு வேலை தங்கியது. லக்னோப் பெண்ணுக்கு மட்டும் அது மிகவும் தாமதம். அவள் புனேயில் வேறு வேலையில் சேர்ந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தை மட்டும் விடவில்லை.

கதவு திறந்தபோது மழைக்காலம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறப் போகும் வழியில் மயிலாடியில் காரை நிறுத்தச் சொன்னேன். அவனுடைய அம்மா கம்பு ஊன்றிக்கொண்டு பட்டறையில் நின்று யாரையோ உரக்க ஏசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பொட்டலம் கொடுத்தாள், மகனுக்கு முந்திரிக் கொத்து. "அவன் மெலிஞ்சிருந்தா எனக்குச் சொல்லண்டாம். தின்னச் சொல்லு" என்றாள்.

சென்டாய் நிலையத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். இத்தனை மாதம் திரையில் பார்த்த முகம், நேரில் நான் நினைத்ததைவிட உயரம். "அக்கா, முதல்ல செடியப் பாப்போமா?" என்றான். பெட்டியோடு நேராக ஆய்வகத்துக்குப் போனோம். பெரும்பகுதி போயிருந்தது. அழுகியது சில, பூச்சி தின்றது சில, அவன் விடுப்பில் இருந்த நாட்களில் காய்ந்தது சில. ஆனால் மிஞ்சியவற்றின் விதைகளைச் சின்னச் சின்ன உறைகளில், நான் சொன்ன பெயர்களை எழுத்துப்பிழையோடு எழுதி, குளிர்ப்பெட்டியில் வரிசையாக வைத்திருந்தான். உட்கார்ந்து ஒவ்வோர் உறையாக எடுத்துப் பார்த்தேன். வேலையைத் தொடர அது போதும். இப்போது போனால் திரும்பி வரலாம் என்பதால், அவன் அந்த மாதமே அம்மாவைப் பார்க்க மயிலாடிக்குப் புறப்பட்டான்.

பல மாதம் கழித்து, சென்டாயில் ஒரு சமூகக் கூடத்தை வாடகைக்கு எடுத்து முதன்முறை நேரில் கூடினோம். ஒசாகாவிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். கூடத்தைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட ஜப்பானியப் பெரியவர் சாம்பார் வாடையில் மூன்று தடவை எட்டிப் பார்த்தார், நான்காம் தடவை கிண்ணத்தோடு வந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றாமல் ஒரு பெண் தயங்கி நின்றாள். பங்களாதேஷ்க்காரி, மண்ணியல் ஆராய்ச்சி செய்கிறவள். என் ஒப்பந்தம் முடிகிறது, நீங்கள் உதவுவீர்கள் என்று கேள்விப்பட்டேன், ஆனால் நான் இந்தியர் இல்லை என்றாள்.

எங்களுக்குள் சலசலப்பு எழுந்தது. இது இந்திய விஞ்ஞானிகளின் கூட்டம், நம்மவர்களையே பார்த்துக்கொள்ள முடியவில்லை, எல்லோரையும் சேர்த்தால் எங்கே போய் நிற்பது என்றார் ஒருவர். நாற்காலியில் தூங்கி இன்னொருத்தியின் சாமான்களைக் காத்த ஒசாகாக்காரர்தான் அப்படிச் சொன்னார். அதனால் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது. பேச்சு வளர்ந்தது. சாம்பார் ஆறியது. அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள், போய்விடலாமா என்பதுபோலத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "செருப்பைக் கழற்று, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்றேன். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னேன்: "இவளை அனுப்புவதென்றால் என்னையும் சேர்த்து அனுப்புங்கள். நான் வாசலில் நின்று இன்னொரு கூட்டம் தொடங்குவேன். எனக்குத் தொடங்கத் தெரியும்."

ஒசாகாக்காரர் என்னை முறைத்தார். அப்புறம் நகர்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார். அவளுடைய பேராசிரியருக்கு எழுத வேண்டிய முதல் வரியைச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதத் தொடங்கியதும் அவர்தான்.